தீட்டும் சவரக்கத்தி தொடங்க என்ன வாங்குவது? 1000/6000 கல் போதுமா?

கடலோரன்:

வணக்கம். இதுவரை இரட்டை முனை பிளேடு போடும் சேஃப்டி ரேசர்தான். இப்போது மடக்குக் கத்திக்கு மாறப் போகிறேன். சலூனில் பாதி பிளேடு செருகுவார்களே, அது இல்லை. கல்லிலும் வாரிலும் தீட்டிப் பயன்படுத்தும் அசல் கத்தி. ஆன்லைன் கூடையில் இருப்பவை: கோல்டு டாலர் 66 என்ற மலிவான சீனக் கத்தி, சமையல் கத்திக்கென்று விற்கும் 1000/6000 இரட்டைக் கல் (ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000; எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்), 2 அங்குல அகலத் தோல் வார், வாரில் பூசும் பச்சை நிற குரோமியம் ஆக்சைடு பசை. தாடி முரடு, கழுத்தில் முடி சுழித்து வளரும். வீடு சென்னையில், கடலுக்குப் பக்கம்.

6000 போதுமா? எதை எடுத்துவிடலாம், எதைச் சேர்க்கணும்? கார்பன் ஸ்டீல் இந்த உப்புக் காற்றில் தாங்குமா?

எஃகுப்பித்தன்:

கூடையில வார் மட்டும் இருக்கட்டும், மத்ததை இப்போதைக்கு எடுத்துடுங்க.

காரணம் இதுதான். கல்லில் தீட்டுறது, வாரில் தீட்டுறது, முகத்தில் வைக்கிறது மூணும் தனித்தனிப் பழக்கம். மூணையும் ஒரே வாரத்தில் தொடங்கினா, ஷேவ் எரியும்போது தப்பு கூரிலா, வாரிலா, உங்க கைக்கோணத்திலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் முதல் கத்தியை, தீட்டத் தெரிஞ்சவர் கையால் முகத்துக்குத் தயாரான கூரோட வாங்குங்க. ஜெர்மனியின் சோலிங்கன் கத்தி என்பதற்காக நம்பிடாதீங்க. அங்குள்ள டோவோ கம்பெனியோடதாவே இருந்தாலும் தொழிற்சாலைக் கூர் பல நேரம் முகத்துக்குப் பத்தாது. விற்பவர் தானே தீட்டி அனுப்புறாரா, கடைசியா எந்தக் கல்லில் முடிச்சார் என்று கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா வேற கடை.

அளவு: அகலம் 5/8 அல்லது 6/8 அங்குலம், ஹாஃப் ஹாலோ அல்லது ஃபுல் ஹாலோ (கத்தியின் பக்கங்களைப் பாதி அல்லது முழுக் குழிவாத் தேய்ச்சது), நுனி உருண்டையாக. சதுர நுனி அழகுதான், முதல் மாதத்தில் காது மடலைக் கீறும்.

6000 பற்றி: சமையல் கத்திக்கு அது தாராளம். முகத்துக்கு 8000 தான் குறைந்தபட்சம், 12000 இருந்தால் சுகம். 6000-ல் நிறுத்தின கூர் முடியை வெட்டும், ஆனா இழுத்துக்கிட்டே வெட்டும். உங்க தாடிக்கு அது நரகம். மேல பச்சைப் பசை போட்டு சரிக்கட்டலாம்னு பலர் நினைக்கிறாங்க. பசையில் இருக்கிற துகள் 0.5 மைக்ரான் (மைக்ரான்னா மி.மீ.-ல் ஆயிரத்தில் ஒரு பங்கு). 6000 விட்ட கோடுகளை அது அழிக்காது, உச்சியை மட்டும் கொஞ்சம் மழுக்கி வழவழப்பாக்கும்.

வாரை மட்டும் 2 அங்குலத்துக்குப் பதிலா 2.5 அல்லது 3 ஆக்கிக்குங்க. குறுகல் வாரில் கத்தியைக் குறுக்கே நகர்த்திக்கிட்டே இழுக்கணும், புதுக் கைக்கு வராது. விலை உயர்ந்த வாரும் வேண்டாம். முதல் வாரில் வெட்டு விழாம இருக்காது.

மைக்ரான்:

எஃகுப்பித்தன் சொன்ன வரிசை சரி. ஆனால் கூர் மங்கும் ஒவ்வொரு முறையும் கத்தியைக் கூரியரில் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. தினமும் ஷேவ் செய்தால் இரண்டு மூன்று மாதத்தில் கத்தி ஏதோ ஒன்றைக் கேட்கும். அதற்கு முழுக் கல் வரிசை தேவையில்லை, லேப்பிங் ஃபிலிம் (நுண்ணிய தேய்ப்புத் துகள் பூசிய பிளாஸ்டிக் தாள்) போதும். 3எம் கம்பெனி ஃபிலிமில் 1 மைக்ரான் தாள் ஏறக்குறைய 12000 கல்லுக்குச் சமம், விலையோ அந்தக் கல்லின் சிறு பங்கு. கல்லைப் போல அவ்வப்போது சமப்படுத்தும் வேலையும் கிடையாது.

அடியில் சமதளம் வேண்டும். 10 மி.மீ. கண்ணாடித் துண்டு நல்லது. பாலிஷ் செய்த டைல்ஸ் என்றால் ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை மேலே வைத்து, அடியில் வெளிச்சம் கசியாததாகப் பொறுக்குங்கள். ஒட்டும் பசை இல்லாத ஃபிலிம் வாங்கி, கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, தாளை விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் காற்றை வெளியேற்றுங்கள். ஒரு தூசித் துகள் அடியில் மாட்டினாலும் அந்த இடம் மேடாகி, கூரில் பல்லு விழும்.

கத்தியின் முதுகும் கூரும் ஒரே நேரத்தில் தாளில் படியவேண்டும். முதுகைத் தூக்கவே கூடாது, கோணத்தைத் தருவதே முதுகுதான் (முதுகு 4.5 மி.மீ., அகலம் 16 மி.மீ. என்றால் சுமார் 16 பாகை வரும்). கூர் முன்னால் போகும்படி தள்ளி, முதுகின் மேலேயே புரட்டித் திரும்புங்கள். அழுத்தம் கத்தியின் எடை மட்டும். மங்கிய கூரைத் திருப்பிக் கொண்டுவர 1 மைக்ரானில் 10 முதல் 15 சுற்று போதும். எடை தாண்டி அழுத்தினால் மெல்லிய உலோகம் வளைந்து, கூருக்குப் பின்னால்தான் தேயும், உச்சி தொடப்படாமலே இருக்கும். 15 சுற்றைத் தாண்டியும் தேய்த்துக்கொண்டே போனால் உச்சியில் மெல்லிய மயிர் போல உலோக இழை தொங்கும். கை முடியைப் பிரமாதமாக வெட்டும், முகத்தில் வைத்த இரண்டாவது நிமிடத்தில் உடைந்து சொரசொரக்கும்.

கடலோரன்:

நன்றி இருவருக்கும். தீட்டி விற்பவர் ஒருவரிடம் சோலிங்கன் 5/8 சொல்லிவிட்டேன். கோல்டு டாலரையும் 1000/6000 கல்லையும் விட மனமில்லை, பழகிப் பார்க்க அவையும் வருகின்றன. வாரில் எத்தனை முறை, முகத்தில் எந்தக் கோணம் என்று யாராவது சொன்னால் தேவலை.

நுரைவாசி:

வாரில்: ஷேவுக்கு முன், தோலோடு சேர்ந்து வரும் துணிப் பக்கம் 20–30 சுற்று, தோல் பக்கம் 50–60. போய் வந்தால் ஒரு சுற்று. இங்கே முதுகு முன்னால் போகும், கூர் பின்னால் வரும், கல்லுக்கு நேர் எதிர். வாரை விறைப்பாகப் பிடியுங்கள். தொய்ந்த வாரில் தோல் கூரைச் சுற்றி வளைந்து ஏறி, நல்ல கூரைப் பத்தே நாளில் உருட்டிவிடும். ‘தீட்டி வந்த கத்தி கொஞ்ச நாளிலேயே மழுங்கிவிட்டது’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தத் தொய்வுதான். வேகம் வேண்டாம். திருப்பும்போது மணிக்கட்டு சுழலக்கூடாது, விரல்களுக்கிடையில் கத்தி உருளவேண்டும்.

முகத்தில் 30 பாகை. கத்தியைத் தோலில் படுக்க வைத்து, முதுகுத் தடிமனின் இரண்டு மடங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறக்குறைய அதுதான். அதற்கு மேல் தூக்கினால் சுரண்டும், குறைந்தால் முடியைப் பிடித்து இழுக்கும். முதல் இரண்டு வாரம் இரு கன்னம் மட்டும், கிருதாவிலிருந்து தாடை எலும்பு வரை, முடி வளரும் போக்கில். மிச்சத்துக்குப் பழைய சேஃப்டி ரேசர். தாடைக்குக் கீழே போகும்போது அங்கிருக்கும் தோலை மேலே இழுத்து எலும்பின் மேல் கொண்டுவந்து வெட்டுங்கள். உங்கள் கழுத்துச் சுழியை முதல் மாதத்தில் தொடவே வேண்டாம். மேலுதடும் மோவாயும் கடைசிப் பாடம்.

தோலை இழுத்துப் பிடிப்பதில்தான் பாதி ஷேவ் இருக்கிறது. நுரை பட்ட விரல் வழுக்கும். படிகாரக் கட்டியை நனைத்து அதில் விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டால் பிடி நிற்கும். அந்தக் கையால் கத்தியின் உலோகத்தைத் தொடாதீர்கள், படிகாரம் எஃகை அரிக்கும்.

சலூன் கத்தியில் முதலில் பழகலாமா என்று அடுத்து கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அது எடை குறைவு, பிளேடு இன்னும் மூர்க்கம். அதில் பழகிய கை இதில் தேவையில்லாமல் பயந்து பயந்து வைக்கும்.

துருவிரோதி:

கடற்கரை வீட்டுக்கு கார்பன் ஸ்டீல் தாராளமா தாங்கும். கெடுப்பது காற்றை விட போர் தண்ணீரும் பாத்ரூமும்தான். ஷேவ் முடிந்ததும் கத்தியை டிஷ்யூவால் முதுகிலிருந்து கூரை நோக்கித் துடைங்க. டிஷ்யூவின் ஓரத்தைத் திரித்து ஆணிக்கிட்ட, கைப்பிடி இடுக்கில் விட்டு எடுங்க, துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு துணி வாரில் 10 சுற்று, அரை மணி நேரம் திறந்தபடி வெளியே. ஈரக் கத்தியைத் தோல் வாரில் மட்டும் இழுக்காதீங்க.

எண்ணெய்: மெடிக்கல் ஷாப்பில் மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பாரஃபின். ஒரு சொட்டு இரண்டு பக்கத்துக்கும் தாராளம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் கெட்டு நாறும். மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் வைங்க. தோல் உறைக்குள் நாள்கணக்கில் வைக்காதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். பழைய கத்தி வாங்கினால் செல்லுலாய்டு கைப்பிடியை மோந்து பாருங்க. கற்பூர வாடை தூக்கலா இருந்து, கத்தியில் அந்தப் பக்கம் மட்டும் துரு இருந்தா, பிடி சிதையுது. சிதையும்போது வரும் அமில ஆவிதான் எஃகைத் தின்னும். கூர் ஓரத்தில் கறுப்புக் குழி இருந்தாலும் விட்டுடுங்க, தீட்டத் தீட்ட அது ஓட்டையா வெளியே வரும்.

கடலோரன்:

கோல்டு டாலர் வந்துவிட்டது. கல் எங்கே படுகிறது என்று பார்க்க, கூரின் சரிவில் (கூரை ஒட்டித் தீட்டப்படும் பட்டை) மார்க்கர் மை பூசி 1000 கல்லில் மூன்று முறை தள்ளிப் பார்த்தேன். நுனியிலும் நடுவிலும் மை போய்விட்டது, கைப்பிடி பக்கம் சுமார் 1 செ.மீ. அப்படியே இருக்கிறது. அழுத்தித் தேய்க்கவா?

மைக்ரான்:

அழுத்தாதீர்கள், அது கத்தியின் அமைப்பு. கைப்பிடி பக்கம் கத்தி தடித்திருக்கும் இடம் கல்லின் மேல் ஏறி நின்று, குதிப்பகுதியை (கைப்பிடியை ஒட்டிய கூரை) தூக்கிவிடுகிறது. அந்தத் தடிப்பு கல்லின் ஓரத்துக்கு வெளியே தொங்கும்படி வைத்து, கத்தியைச் சற்றுச் சாய்த்து, குதிப்பகுதி முன்னால் போகும்படி தள்ளுங்கள். அப்போதும் மை போகாவிட்டால், தடிப்பை வைரத்தூள் பதித்த தகட்டில் தேய்த்துக் குறைக்கத்தான் வேண்டும். சூடேறாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே தேயுங்கள்.

முதுகுக்கு ஒரு அடுக்கு எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டினால் முதுகு தேயாது. ஆனால் டேப்போடு போட்ட சரிவுக்கு 1 மைக்ரான் தாள் வரை டேப் இருக்கவேண்டும், நடுவில் எடுத்தால் கோணம் மாறி உச்சி கல்லைத் தொடாது. சரிவு முழுதாக விழுந்ததா என்று பார்க்க, கத்தியைக் கூர் மேலே பார்த்தபடி விளக்கடியில் பிடித்து நேராக மேலிருந்து பாருங்கள். எங்காவது வெள்ளிப் புள்ளியாக மின்னினால் அங்கே இரண்டு பக்கமும் இன்னும் சந்திக்கவில்லை. அது மறையும்வரை 1000-ஐ விட்டு நகர வேண்டாம், மேல் கற்கள் அதைச் சரிசெய்யாது.