ஹப்பிள் படங்களில் சிறுகோள் தடம் தேடும் மாடல், காஸ்மிக் கதிரையும் ஈர்ப்பு வில்லையும் பிடித்துவருகிறது: உதவி தேவை

தெம்பனீஸ் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் இங்குள்ள பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் தரவு அறிவியல் பயில்கிறேன். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் பழைய படங்களில் தற்செயலாகக் குறுக்கிட்டுப் பதிவான சிறுகோள்களை இயந்திரக் கற்றல் மூலம் தேடுவதே என் இறுதியாண்டுத் திட்டப்பணி. சிங்கப்பூரின் ஒளி மிகுந்த வானத்தில் இத்தகைய மங்கலான பொருள்களை நாமே படம்பிடிக்க வழியில்லை என்பதால், யாரும் கட்டணமின்றித் தரவிறக்கக்கூடிய, ஹப்பிள் படங்களைச் சேமித்துவைக்கும் மாஸ்ட் காப்பகத்தை நம்பியே இறங்கியிருக்கிறேன்.

ஹப்பிளில் உள்ள ஏசிஎஸ் கேமராவின் இணைக்கப்பட்ட படங்களைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஜேபெக்காக மாற்றி, அவற்றைக் கலைத்துப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்து, படத்தில் பொருள்களைக் கண்டறியும் யோலோ மாடல் ஒன்றைப் பயிற்றுவித்தேன். சோதனைத் துண்டுகளில் மதிப்பெண் மிக நன்றாக வருகிறது. ஆனால் மாடல் இதுவரை பார்த்திராத வான்பகுதியைக் கொடுத்தால், காஸ்மிக் கதிர்க் கீறல்களையும் (விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்கள் விடுபவை) விண்மீன் பேரடைக் கொத்துகளைச் சுற்றியுள்ள ஈர்ப்பு வில்களையும் (கொத்தின் ஈர்ப்பால் பின்னணிப் பேரடைகளின் ஒளி வளைந்து தெரிபவை) சிறுகோள் என்கிறது. சிறுகோள் நகர்வதால் கோடாக விழும் தடங்களில் என் கண்ணுக்கே தெரியும் சிலவற்றை விட்டுவிடுகிறது. இன்னும் பெரிய மாடலுக்கு மாறுவதுதான் தீர்வா என்று அறிய விரும்புகிறேன்.

ஈசூன் நிரலர்:

மாடலை மாற்ற வேண்டாம் தங்கச்சி. தரவை முதலில் பார்ப்போம்.

ஒரே படத்திலிருந்து வெட்டிய துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருக்கும் வரை அந்த மதிப்பெண்ணுக்குப் பொருளே கிடையாது. அதே வான்பகுதியை வேறு வடிகட்டியில் எடுத்த படம் சோதனைப் பக்கம் போயிருந்தாலும் அப்படித்தான். மாடல் அந்தப் பின்னணியை முன்பே மனப்பாடம் செய்திருக்கும். வானியல் படங்களின் மூல வடிவமான ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பில் உள்ள ஆய்வுத் திட்ட எண்ணையும் வான்பகுதியையும் கொண்டு பிரியுங்கள். ஒரு வான்பகுதி முழுவதும் ஒரே பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது அளவுகோல். சாண்டோர் க்ருக் தலைமையிலான ஹப்பிள் சிறுகோள் வேட்டைத் திட்டம், 2002 முதல் 2021 வரையிலான 37,323 கூட்டுப் படங்களில் தேடி 1,701 தடங்களைக் கண்டறிந்தது. 11,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கண்ணால் பார்த்துக் குறித்தவற்றைக் கொண்டே அங்கு கணினி பயிற்றுவிக்கப்பட்டது. படத்துக்கு ஒரு தடம் என்று வைத்துக்கொண்டாலும் நூற்றுக்கு ஐந்து படங்களில்கூடத் தடம் இல்லை. எல்லாப் படத்துக்கும் 'இல்லை' என்று சொல்லும் மாடலுக்கும் 95 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும் என்பதால், அந்த எண்ணை அறிக்கையில் போடவே போடாதீர்கள். பிடித்தவற்றுள் எத்தனை மெய், இருந்தவற்றுள் எத்தனை பிடிபட்டன என்ற இரண்டையும் தனித்தனியே கொடுங்கள்.

ஜேபெக்கையும் விட்டுவிடுங்கள். பிரகாசமான விண்மீன் ஒன்று துண்டுக்குள் இருந்தால் ஒளியளவு முழுவதும் அதற்கேற்ப இழுபட்டு, மங்கலான தடம் பின்னணியோடு கரைந்துவிடும். ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் நிரலகம் கொண்டு ஃபிட்ஸ் கோப்பை நேரடியாக வாசித்து, பிரகாசமானவற்றை அடக்கி மங்கலானவற்றைக் காட்டும் ஆர்க்சைன்எச் அளவீட்டில் சுருக்கிக் கொடுத்தாலே விடுபட்ட தடங்கள் சில திரும்பிவரும் என்று நினைக்கிறேன்.

கிளமெண்டி ஆசிரியை:

நான் இயற்பியல் கற்பிப்பவள். மேலே தம்பி சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் சிக்கலின் வேர் அதற்கும் முன்னதாக, நீங்கள் தேர்ந்தெடுத்த கோப்பிலேயே இருக்கிறது.

இணைக்கப்பட்ட படம் எப்படி உருவாகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே இடத்தை நோக்கிய பல பதிவுகளை ஒப்பிட்டு, ஒன்றில் மட்டும் தெரிந்து மற்றவற்றில் தெரியாததைக் காஸ்மிக் கதிர் என்று கருதி மென்பொருள் நீக்குகிறது. நகரும் சிறுகோளும் ஒவ்வொரு பதிவிலும் வேறு வேறு இடத்தில்தான் இருக்கும். ஆகவே நீங்கள் தேடும் பொருளையே அந்த மென்பொருள் பாதி அரித்துவிட்டுத்தான் உங்கள் கையில் தருகிறது. அரிபட்டு மிஞ்சிய துணுக்கையும் மிஞ்சிய காஸ்மிக் கதிரையும் பிரித்தறியச் சொன்னால் எந்த மாடலும் திணறவே செய்யும். எஃப்எல்சி என்று முடியும் தனிப்பதிவுக் கோப்புகளுக்குப் போங்கள். சிப்பில் மின்னூட்டம் நகரும்போது பின்தங்குவதால் உண்டாகும் செங்குத்து வால்கள் அவற்றில் திருத்தப்பட்டிருக்கும்; எஃப்எல்டி கோப்பில் அவை அப்படியே இருந்து உங்களுக்கு இன்னொரு தலைவலியைத் தரும்.

இனி வளைவுக்கு வருகிறேன். ஹப்பிள் நிலையாக நிற்கும் தொலைநோக்கி அன்று. ஏறத்தாழ 95 நிமிடங்களில் பூமியைச் சுற்றிவருகிறது. பூமியின் மையத்திலிருந்து சுமார் 6,900 கிலோமீட்டர் ஆரத்தில் அது சுற்றுவதால், நம்மிடமிருந்து இரண்டு வானியல் அலகு (பூமி-சூரியன் தொலைவைப்போல் இரு மடங்கு) தொலைவிலுள்ள சிறுகோள் ஒவ்வொரு பக்கமும் 4.75 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) வரை ஆடுவதுபோல் தோன்றும். ஏசிஎஸ் கேமராவில் ஒரு பிக்சல் 0.05 வில்விநாடி, அந்த ஆட்டம் ஏறக்குறைய 95 பிக்சல். சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் தெரியும், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள முதன்மைப் பட்டைச் சிறுகோள் மணிக்குச் சுமார் 30 வில்விநாடி நகர்வதாகக் கொண்டால், 11 நிமிடப் பதிவில் அதன் சொந்த ஓட்டம் 110 பிக்சல் நீளமாகும். ஹப்பிளின் ஓட்டமும் அதனோடு சேர்ந்து தடத்தின் நடுப்பகுதியை ஐந்தாறு பிக்சல் வரை வளைத்துவிடும். செயற்கைக்கோள் அப்படியன்று: படத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நேர்கோடாகக் கிழித்துக்கொண்டு போகும். 2002 முதல் 2021 வரையிலான ஹப்பிளின் தனிப்பதிவுகளில் 2.7 சதவீதத்தில் அத்தகைய கோடுகள் இருப்பதாக க்ருக் குழுவினரே 2023இல் வெளியிட்டார்கள். அவற்றுக்கென ஒரு தனி வகுப்பு வைத்துவிடுங்கள்.

ஈர்ப்பு வில்லும் வளைந்தே இருப்பதால் வடிவத்தை மட்டும் நம்ப முடியாது. ஆனால் வில் எல்லாப் பதிவுகளிலும் அதே இடத்தில் இருக்கும். பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, அடுத்தடுத்த இரண்டைக் கழித்தால் வில் மறையும். சிறுகோளும் காஸ்மிக் கதிரும் மட்டும் நிற்கும். கழித்த படத்தை இரண்டாவது அடுக்காக மாடலுக்குக் கொடுங்கள். ஏபெல் 370 என்ற விண்மீன் பேரடைக் கொத்தின் படங்களில் வில்களும் எஸ் வடிவச் சிறுகோள் தடங்களும் அருகருகே இருப்பதால், அதைப் பயிற்சியில் சேர்க்காமல் சோதனைக்கென்றே ஒதுக்கிவையுங்கள்.

ஈசூன் நிரலர்:

ஆசிரியை சொன்ன வளைவைக் கொண்டே செயற்கைத் தடங்களை உருவாக்கலாம். தடமில்லாத மெய்யான பதிவுகளில், ஹப்பிளின் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டு, வெவ்வேறு தொலைவுக்கும் ஒளிக்கும் ஏற்ற தடங்களை வரைந்து சேருங்கள். 2023இல் ஏவப்பட்ட யூக்ளிட் தொலைநோக்கிக்கான கற்றல் முறைகளும் உருவகப் படங்களில்தான் பயிற்றுவிக்கப்பட்டன. ஆனால் யூக்ளிட் பூமியைச் சுற்றாமல் 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் அங்கே தடம் கிட்டத்தட்ட நேர்கோடாகவே விழும். அந்தத் தரவை இங்கே கலக்கக் கூடாது.

தெம்பனீஸ் மாணவி:

இருவருக்கும் மிக்க நன்றி. தனிப்பதிவுகளுக்கு மாறி, திட்ட எண்படி பிரித்து, கழித்த படத்தையும் சேர்த்துப் பயிற்றுவித்தேன். சோதனை மதிப்பெண் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆனால் புதிய வான்பகுதியில் ஈர்ப்பு வில்கள் அநேகமாக வருவதில்லை. காஸ்மிக் கதிர்கள் இன்னும் சில வருகின்றன.

ஒரு தடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. காஸ்மிக் கதிரின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் ஒரு பிக்சலிலேயே முடிந்துவிடுகிறது. இந்தத் தடமோ இரண்டு மூன்று பிக்சல் அகலத்தில் இருபுறமும் மெதுவாக மங்குகிறது. முதல் பதிவில் அது முடிந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அதே வளைவின் தொடர்ச்சியாக, அடுத்த பதிவின் தடம் தொடங்குகிறது. இது ஏற்கெனவே அறியப்பட்ட சிறுகோளா என்பதை எவ்வாறு உறுதிசெய்வது?

கிளமெண்டி ஆசிரியை:

நீங்கள் கண்ட மென்மையான விளிம்பு தொலைநோக்கியின் ஒளியியலால் வருவது. காஸ்மிக் கதிர் ஒளியியல் வழியே வராமல் சிப்பை நேரடியாகத் தாக்குவதால் அதற்கு அது கிடையாது. மிஞ்சியுள்ள தவறுகளை வடிகட்ட அந்த அகலத்தையே பயன்படுத்துங்கள்.

அடையாளம் காண, அறியப்பட்ட சிறுகோள்களின் இடங்களைக் கணக்கிட்டுத் தரும் நாசாவின் ஹொரைசன்ஸ் சேவையில் பதிவு நேரத்தைக் கொடுத்து, கிடைக்கும் இடங்களை உங்கள் தடத்தோடு ஒப்பிடுங்கள். பார்வையிடமாகப் பூமியின் மையத்தைக் கொடுத்தால் நான் மேலே கணக்கிட்ட ஆட்டம் முழுவதும் பிழையாக நுழையும் என்பதால் ஹப்பிளையே கொடுங்கள். உலகெங்கும் இருந்து சிறுகோள் பதிவுகளைத் திரட்டும் சிறுகோள் மையத்தின் பட்டியலில் ஹப்பிளின் குறியீடு 250. பொருந்தவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். அந்த 1,701 தடங்களில் 1,031 எந்த அறியப்பட்ட பொருளோடும் பொருந்தவில்லை. அப்போது வளைவின் அளவிலிருந்து தொலைவைக் கணக்கிடலாம். எவ்வளவு அதிகம் வளைந்திருக்கிறதோ அவ்வளவு அருகில் இருக்கிறது. இரண்டு பதிவுகளின் தொடக்க, முடிவு நேரங்களையும் நான்கு முனைகளின் ஆயங்களையும் இங்கே இடுங்கள், சேர்ந்து கணக்கிடுவோம்.