தடைக்காலத்தில் படகிலேயே தங்கிக்கொண்டு கேபினைச் சீரமைக்க முடியுமா?

கேள்வி: சின்னத்துறை இளையவன்

வணக்கம். தங்கல் மீன்பிடிப்புக்குச் செல்லும் எங்கள் படகு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நீடிக்கும் மேற்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலத்தில் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். மரத்தில் கட்டி மேலே ஃபைபர் போர்த்திய படகு. காவலுக்காக நானும் தம்பியும் இரவும் பகலும் அதிலேயே இருப்போம். ஒரு மாதத்துக்கும் மேல் கடலில் கிடப்பவர்கள் படுத்து எழும் இடத்தை இந்த முறை நாங்களே சரிசெய்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம். படுக்கைப் பலகைகள் உளுத்துவிட்டன. கேபின் கூரையில் போல்ட் இறங்கிய இடங்களில் நீர் கசிகிறது. ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. அடுப்பும் கேஸ் சிலிண்டரும் படுக்கையை ஒட்டியே இருக்கின்றன. எதில் தொடங்குவது, வேலை நடக்கும்போது எங்கே படுப்பது, மழைக்காலத்தில் ஃபைபர் ஒட்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். படுக்கைக்கு மேல் இன்னொரு தட்டு அமைத்துக் கூரையை உயர்த்தலாமா என்பதும் எங்கள் யோசனையில் இருக்கிறது.

பதில்: வள்ளவிளை ஸ்ராங்கு (படகோட்டி)

தம்பி, பலகையைத் தொடுவதற்கு முன் சிலிண்டரை வெளியே எடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிட 1.5 முதல் 2 மடங்கு கனமானது. வீட்டில் கசிந்தால் வாசல் வழியாகவாவது வெளியேறும். படகில் அது நேரே அடித்தளத்துக்கு இறங்கி, இன்ஜின் அறைக்கும் பேட்டரிக்கும் நடுவே தேங்கி நின்றுவிடும். பம்பு சுவிட்சில் எழும் ஒரு பொறியே போதும். மேல்தளத்தில், அடியில் துளையிட்ட பெட்டிக்குள் சிலிண்டரை வைத்து, கசியும் வாயு அந்தத் துளை வழியாகக் கடலுக்கே போகும்படி செய்யுங்கள்.

அடுத்தது ஒயர். வீட்டுக்கு வாங்கும் செம்பு ஒயர் உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும் என்பதால், வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரைக் கேட்டு வாங்குங்கள். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள்.

படுப்பதைப் பொறுத்தவரை, கேபின் முழுவதையும் ஒரே நாளில் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கப் படுக்கையைப் பிரித்து, கட்டி, உலர்த்தி முடித்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும். நடுவே தார்ப்பாயை இறக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். வேலைச் சாமான்களுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கி, மாலையில் அனைத்தையும் அங்கே சேர்த்துவிட வேண்டும். மழையிரவில் நீர் இறைக்க எழுபவன் ஆணிப் பலகையை மிதிக்கக் கூடாது.

பதில்: மார்த்தாண்டம் ஃபைபர் பட்டறை

ஸ்ராங்கு அண்ணன் சொன்னதில் ஒன்றை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். ஃபைபரை ஒட்டப் பூசும் பாலியெஸ்டர் ரெசின் (பிசின்) காயும்போது வெளிவரும் ஸ்டைரீன் ஆவியும் காற்றைவிடக் கனமானதுதான். தாழ்வான படுக்கையில் தூங்குபவரின் மூக்கருகேதான் அது தங்கும். ஆகவே ரெசின் பூசிய இரவுகளில் கேபினுக்குள் படுக்கவே கூடாது. வீல்ஹவுஸிலோ (படகை ஓட்டும் அறை) மேல்தளத்திலோ, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அந்த ஆவியை உங்கள் பக்கம் கொண்டுவராத இடமாகப் பார்த்துப் படுங்கள். பழைய ஃபைபரைத் தேய்க்கும்போது தூசுக்கான முகக்கவசம் போதும். ரெசின் பூசும்போது ஆவியை உறிஞ்சும் கரிச்சிமிழ் வைத்த முகமூடிதான் வேண்டும். துணி கட்டிக்கொள்வதால் எந்தப் பயனும் இல்லை.

கடையில் ரெசினோடு, அதை இறுகவைக்கும் ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் தனித்தனியாகத் தருவார்கள். அவை இரண்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலந்துவிடாதீர்கள். தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பின்னரே ஹார்டனரை, ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம் வரை, சேர்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஒட்டுமா என்ற கேள்விக்கு, ஈர மரத்தில் ஒட்டவே ஒட்டாது என்பதுதான் பதில். முதல் வேலையாகக் கூரைக் கசிவை அடைத்துவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, மின்விசிறி வைத்துப் பல நாட்கள் உலர்த்துங்கள். உப்பு தங்கிய மரம் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்கி, அறுத்த ஓரங்களை எப்பாக்ஸியால் அடைத்துவிடுங்கள். நீர் நுழைவது அந்த ஓரங்கள் வழியாகத்தான்.

பதில்: குளச்சல் ஆசாரி

பழைய பலகையைக் கழற்றும்போது பித்தளைத் திருகாணிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் நிறம் போய்ச் செம்பு நிறத்தில் சிவந்திருந்தால், உப்புநீர் அதிலிருந்த துத்தநாகத்தைத் தின்றுவிட்டது என்று அறியலாம். பார்வைக்கு முழுசாக இருக்கும், திருப்புளி வைத்துத் திருகினால் தலை தனியே கழன்று வரும். அவற்றை மறுபடி பூட்டாமல் 316 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் போடுங்கள்.

கூரையை உயர்த்தும் யோசனையை மட்டும் கைவிடுங்கள், தம்பி. மேல்தட்டுப் பலகைகளும் அதில் படுக்கும் ஆட்களும் சேர்ந்தால் படகின் கனம் மேலேறிவிடும். அலையில் சாய்ந்த படகு நிமிர்வதற்கு நேரமாகும், உயர்ந்த கேபின் காற்றையும் அதிகமாக வாங்கும். துறைமுக முகத்தில் அலை பக்கவாட்டில் அடிக்கும் நாளில் அந்தப் படகை ஓட்டப்போகிறவர்கள் நீங்கள்தான். இருக்கும் உயரத்திலேயே படுக்கைகளுக்கு அடியில் சாமான் பெட்டிகளை அமையுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் திறக்கும் மூடி வைத்து, பக்கப் பலகையில் காற்றுத் துளைகளும் இடுங்கள். மூடியே கிடந்ததால்தான் இப்போதைய பலகைகள் உளுத்திருக்கும்.

கேட்டவர்: சின்னத்துறை இளையவன்

மிக்க நன்றி. மேல்தட்டு வேண்டாம் என்று தம்பியும் ஒப்புக்கொண்டான். சிலிண்டர் பெட்டி, கூரைக் கசிவு, ஒயர், அதன் பிறகு இடப்பக்கப் படுக்கை என்ற வரிசையில் தொடங்குகிறோம்.