சின்னப் பிள்ளைகளோடு சிங்கப்பூர்: போய் வந்தவர்கள் சொல்கிறோம்

சத்துவாச்சாரி அம்மா

மே மாத விடுமுறையில் இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூர் போகலாமா என்று காட்பாடித் தம்பி கேட்டிருந்தார். போன வருடம் நாங்கள் போய் வந்தோம். நான், கணவர், ஐந்து வயது மகள், இரண்டு வயது நிறைய ஒரு மாதம் இருந்த மகன், கூட என் அம்மா. பிள்ளைகளுக்கு அவர் ஆயா. இனி அவரை அப்படியே சொல்கிறேன்.

முதலில் வெயில். "வேலூரில் பிறந்த பிள்ளைகள், 32 டிகிரி இவர்களை என்ன செய்யும்?" என்றுதான் கிளம்பும் முன் பேசிக்கொண்டோம். கத்திரி வெயிலில் இங்கே 40-ஐத் தாண்டுகிறது. சிங்கப்பூரில் வருடம் முழுக்கப் பகலில் 31, 32 அளவுதான். ஆனால் அங்கே காற்றெல்லாம் ஈரம். நம் ஊரில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அங்கே அது காய்வதே இல்லை. சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே உடம்பு சூடாகவே இருக்கும். இது எனக்குப் புரிந்தது இரண்டாம் நாள், மண்டாய் விலங்குப் பூங்காவில்.

காலை உணவை நிதானமாக முடித்துப் பதினோரு மணிக்குத்தான் உள்ளே நுழைந்தோம். ஒராங்குட்டான்கள் கூண்டில்லாமல் தலைக்கு மேலே கயிற்றில் போவதைப் பார்த்து மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நாங்களும் நேரத்தைப் பார்க்கவில்லை. இரண்டு மணிக்கு, அதுவரை சிணுங்கிக்கொண்டிருந்த மகன் சிணுங்கலை நிறுத்திவிட்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். கன்னம் சிவந்து, கண் சொருகி, தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டான். காலையில் கட்டிய டயப்பர் இன்னும் நனையவே இல்லை என்று ஆயாதான் கண்டுபிடித்தார். உடனே ஏசி போட்ட உணவகத்துக்குள் ஓடினோம். சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து, ஓஆர்எஸ் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் தெளிந்து சிரித்தான். தெளியாமல் இருந்தால் நேரே மருத்துவமனைதான்.

அன்றைக்கு ஆயா கேட்ட கேள்வியை நான் மறக்கவே மாட்டேன்: "நம்ம ஊர்ல மே மாசம் பன்னண்டு மணிக்கு இவன வாசல்ல விடுவியா? இங்க மட்டும் ஏன் தூக்கினு வந்த?"

ராத்திரியே மொத்தத் திட்டத்தையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதினோம். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சூரியனும் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கும். அதனால் காலை எட்டரைக்கு வெளியே போனாலும் வெயில் இளசாகவே இருக்கும். பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பிச் சாப்பாடு, தூக்கம். மறுபடி நாலரைக்கு மேல் கிளம்பினோம். ஒரு நாளைக்கு இரண்டு இடம், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. எழுதி வைத்திருந்ததில் பாதியைப் பார்க்கவில்லை, அதில் எனக்கு வருத்தமே இல்லை.

காலைக்குத் தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கியது, உலக பாரம்பரியச் சின்னம், நுழைவுக் கட்டணம் கிடையாது. மாலைக்குக் கார்டன்ஸ் பை தி பே. அங்கே குழந்தைகள் தோட்டத்தில் தண்ணீரில் ஆடலாம், அதுவும் இலவசம். மாற்றுத் துணி எடுத்துப் போங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும். அங்கே இருக்கும் செயற்கையான ராட்சத மரங்களின் விளக்குக் காட்சி ராத்திரி 7.45க்கும் 8.45க்கும். 8.45 என்றாலும் பிள்ளைகளுக்கு அது நம் ஊர்க் கணக்கில் ஆறே கால் மணிதான், இரண்டாம் காட்சிக்குக்கூடத் தூங்காமல் இருந்தார்கள்.

அடுத்தது விமான நேரம். ராத்திரி விமானம் வசதி என்று எல்லோரும் சொல்வார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வசதிதான். நாம் பதினொன்றரை மணி விமானத்துக்கு மாலை நாலரைக்கே வண்டி ஏற வேண்டும், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எவ்வளவு நேரம் நிற்போம் என்று தெரியாதே. விடிகாலையில் இறங்கினோம். அறை கிடைத்தது மதியம் மூன்று மணிக்கு. அதுவரை ஓட்டல் வரவேற்பறை சோபாவில் இரண்டு பிள்ளைகளும் அழுதபடி கிடந்ததை இன்னொரு முறை என்னால் பார்க்க முடியாது. முந்தின ராத்திரிக்கும் சேர்த்து அறை போடுங்கள், இல்லையென்றால் பகல் விமானம் பாருங்கள். ஒரு ராத்திரி வாடகை வீண் இல்லை.

அறையில் இன்னொரு சிக்கல். பாய் விரித்து ஆயா கீழே படுத்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஓர் அறையில் எத்தனை பேர் என்பதில் கண்டிப்பு, அங்கே போய் இரண்டாவது அறைக்குப் பணம் கட்டினோம். உறவினர் ஒருவர் வீடு வாடகைக்கு எடுக்கச் சொன்னார். தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது அங்கே சட்டவிரோதம், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

விசா பிள்ளைகளுக்கும் தனித்தனி. அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் போட்டோம். சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்ப வேண்டிய வருகை அட்டையை (SG Arrival Card), போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நாமே நிரப்பலாம், அது இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள்.

ராணிப்பேட்டை அப்பா

அக்கா சொன்ன டயப்பர் விஷயத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். நாங்கள் டிசம்பரில் போனோம், எங்களுக்கு வெயில் பிரச்சினை இல்லை, மழைதான். நமக்கு வருகிற அதே வடகிழக்குப் பருவமழைதான் அங்கேயும். நவம்பர் முதல் ஜனவரி வரை வெளுத்து வாங்கும். இடி மின்னல் என்றால் நீச்சல் குளத்திலிருந்து எல்லோரையும் ஏற்றிவிடுவார்கள், மகள் அழுதுகொண்டே ஏறினாள்.

அப்போது எங்களைக் காப்பாற்றியது விக்டோரியா தெருவில் இருக்கும் பொது நூலகம். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், கட்டணம் இல்லை. குழந்தைகள் பகுதியில் தமிழ்ப் படப் புத்தகங்கள் இருக்கின்றன. வெளியே மழை கொட்ட, ஆறு வயது மகள் தம்பிக்கு எழுத்துக்கூட்டிக் கதை படித்துக் காட்டினாள். எதற்கும் கட்டணமே இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் இன்றைக்கும் இரண்டு பேரும் பேசுகிறார்கள். விமான நிலையத்திலேயே தமிழில் பலகை இருக்கும், பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். மகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. எம்ஆர்டி ரயிலில் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது, 500 டாலர் வரை அபராதம். பிள்ளைக்குத் தண்ணீரும் பாலும் ஏறும் முன்பே கொடுத்துவிடுங்கள். அப்புறம் கார். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குக் காரில் அதற்கான இருக்கை வேண்டும். டாக்ஸிக்கு மட்டும் விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடும் தனியார் காருக்குக் கிடையாது. ஓட்டுநர் ஏற்ற மறுத்தபோது எனக்குக் கோபம் வந்தது. விதி தெரிந்ததும் அவர் செய்ததுதான் சரி என்று பட்டது.

வாணியம்பாடி அத்தை

என் தம்பி பிள்ளைகளோடு நாங்கள் கோலாலம்பூர் போனோம். பத்து மலை முருகனைப் பார்க்காமல் வர முடியுமா? 42.7 மீட்டர் உயரச் சிலை, 272 படி. வள்ளிமலைக்குப் போனால் வெயிலுக்கு முன்னே ஏறி இறங்குகிற குடும்பம் எங்களுடையது. அங்கே பதினோரு மணிக்கு மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். பாதியில் குரங்கு வந்து பையன் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கியது, அவன் மிரண்டு துள்ளியதில் என் தம்பிக்குக் கால் வழுக்கியது. முருகன் புண்ணியத்தில் கைப்பிடி கையில் சிக்கியது. விடியற்காலையில் போங்கள், கையில் தின்பண்டம் வேண்டவே வேண்டாம்.

காட்பாடித் தம்பி

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா, அத்தை. பகல் விமானமே பார்க்கிறேன். எங்கள் அம்மாவும் வருகிறேன் என்கிறார், முழங்கால் வலி உண்டு. கூட்டிப் போகலாமா?

சத்துவாச்சாரி அம்மா

கட்டாயம் கூட்டிப் போங்கள் தம்பி. அன்றைக்கு ஆயா இல்லையென்றால் மகன் தூங்குகிறான் என்றே நான் இன்னும் ஒரு மணி நேரம் நடந்திருப்பேன். எம்ஆர்டி நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, தள்ளுவண்டிக்கும் அம்மாவின் முழங்காலுக்கும் ஒன்றுபோல உதவும். லிட்டில் இந்தியாவில் இட்லி, தயிர் சாதம் எல்லாம் கிடைக்கும், சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. அறையை மட்டும் அம்மாவையும் கணக்கில் சேர்த்து இப்போதே போடுங்கள். விமானத்தில் அவருக்கும் சின்னவனுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கேளுங்கள். எங்கள் மகன் போகும்போதும் வரும்போதும் ஆயா மடியில்தான் தூங்கினான்.