மெழுகின சுவரில் இருந்த கைகள்

செம்மண் வழி

நடுமுற்றத்தைச் சுத்தி நாலு பக்கமும் கட்டின நாற்சார் வீட்டைப் படமெடுக்க எத்தினையோ பேர் வருவினம். மண்வீட்டு வாசலில ஒருத்தரும் நிக்கிறதில்லை. அந்தக் கவலையிலதான் யாழ்ப்பாணத்தில கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். செம்மண் சுவர், கிடுகுக் கூரை, முன்னுக்குத் திண்ணை மாதிரிக் குந்து. உச்சி வெய்யிலில எடுத்த படங்களில சுவர் வெறும் சிவப்பாய்க் கிடந்தது. பொழுதுபட மறுபடி போனேன். சாய்ஞ்ச வெளிச்சம் பட்டதும் சுவர் முழுக்கப் பிறை பிறையாய் விரல் தடங்கள்!

வீட்டுக்கார ஆச்சி கிட்ட வந்தா. "மேல இருக்கிறது மருமகளின்ர கை தம்பி. கீழ என்ர. எனக்கு இப்ப நிண்டு மெழுக ஏலாது, இருந்துதான்."

பிறகு மூலையில உடைஞ்ச இடத்தைக் காட்டினா. பொங்கலுக்குப் பொங்கல் சாணமும் மண்ணும் குழைச்சுப் பூசின படைகள், ஒண்டுக்கு மேல ஒண்டாய். நடுவில மழை அரிச்ச ஒரு தடம், அதுக்கு மேல நிறம் மாறின மண். 1995இல போரால யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்தப்போ வீட்டை விட்டுப் போக, ஓலை உக்கிச் சுவர் நனைஞ்சதாம். திரும்பி வந்து புற்றுமண் சேர்த்துப் பூசினவையாம். அடிமட்டத்தைப் பக்கத்தில வைச்சு அந்த மூலையைப் படமெடுத்தேன். ஆச்சி சொன்னதையும் அப்பிடியே பதிவு செய்தேன். அவ சொல்லாட்டி எனக்கு அது வெறும் கறை.

வடமராட்சிப் பிள்ளை

செம்மண் வழி, உங்களுக்குக் கிடைச்ச அந்தக் குடுப்பனை எனக்கு இல்லை. எங்கட பெரியம்மாவின்ர மண்வீட்டை ஐப்பசியில பாத்துட்டு, அடுத்த மாசம் வாறன் எண்டு வந்திட்டேன். கார்த்திகை மழைக்குச் சுவர் கரைஞ்சு குவியலாய்ப் போச்சு. மிஞ்சினது வேப்பம் பலகைக் கதவும், கலியாண அல்பத்தில ஒரு படமும். படத்தில மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால அதே கதவு தெரியுது. கதவை அளந்து, அந்த அளவை வைச்சுச் சுவரின்ர உயரம், தாவாரத்தின்ர இறக்கம் எல்லாம் கணக்குப் போட்டுக் கீறி வைச்சிருக்கிறேன்.

1815 மார்ச் 2க்கு முந்தின கட்டடம் எண்டா இலங்கைத் தொல்பொருள் சட்டம் காக்கும். வருசா வருசம் புதுசாய் மெழுகிற சுவருக்கு அந்த வயசை எங்க போய்க் காட்டுறது? அதால, பழைய அல்பங்களை எறியாதேங்கோ. ஆக்களுக்குப் பின்னால என்ன சுவர் எண்டு ஒருக்காப் பாருங்கோ.

செம்மண் வழி

அந்தக் கதவு இப்ப எங்க இருக்கு?

வடமராட்சிப் பிள்ளை

மாட்டுக்கொட்டிலுக்குப் போட்டிருக்கினம். இந்தக் கிழமை கழட்டி எடுக்கிறேன்.