திம்பம் வளைவுகளில் முன்தூண் மறைக்கிறது: என்ன செய்யலாம்?

கோபிக்காரன்:
பன்னாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில், பழைய மாருதி 800-ஐ ஓட்டிய காலத்தில் அறியாத சிக்கலொன்றைப் புதிய காரில் காண்கிறேன். வலப்பக்கம் திரும்பும்போது முன்கண்ணாடியோரத் தூண், எதிரே இறங்கிவரும் இருசக்கர வாகனத்தையே மறைத்துவிடுகிறது. நான் அமரும் முறையில் பிழையா, வடிவமைப்பே இப்படித்தானா?

ஈரோட்டுப் பணிமனை:
வடிவமைப்புதான், ஐயா. கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்கவும், பல கார்களில் பக்கவாட்டுக் காற்றுப்பையின் ஒரு பகுதியைப் பொதிந்து வைக்கவும் அந்தத் தூண் பருத்துவிட்டது. பாதுகாப்புக்காகச் செய்ததே பார்வையைப் பறிப்பது வேடிக்கைதான். நம் காரும் எதிர்வரும் வண்டியும் ஒத்த வேகத்தில் நெருங்கினால், அந்த வண்டி தூணுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டு வரக்கூடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடலைச் சற்று முன்னே சாய்த்து, தலையை இருபுறமும் நகர்த்திப் பாருங்கள். இருக்கையை உயர்த்துவதும் ஓரளவு உதவும்.

பொள்ளாச்சிவாசி:
வால்பாறையின் 40 வளைவுகளிலும் இதே தொல்லைதான். மூடுபனியில் முகப்பு விளக்கின் உயர்ஒளியை (ஹை பீம்) போடாதீர்கள். பனித்துளிகளில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசச் செய்யும். ஏறிவரும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பது விதியானாலும், இறங்குபவர் அதை மதிப்பார் என்று நம்பாமல் ஒலியெழுப்பித் திரும்புங்கள்.

கோபிக்காரன்:
நன்றிங்க. தூணையொட்டி மாட்டியிருந்த கைப்பேசித் தாங்கியை முதலில் கழற்றிவிட்டேன்.