நூலக வரி வந்து சேரவில்லை, எந்தச் செலவை முதலில் குறைப்பது?

கிளைநூலகம்_தெற்கு:

வணக்கம். மாவட்ட நூலக ஆணைக்குழு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாவட்டம் எது என்று சொல்லாமல் விடுகிறேன், புரிந்துகொள்வீர்கள். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா என்று உள்ளாட்சிகள் வசூலிக்கிற நூலக வரியை நம்பித்தான் எங்கள் வண்டி ஓடுகிறது. பல இடங்களிலிருந்து அது வருவதே இல்லை. வந்தாலும் பாதிதான், அதுவும் எந்த அரையாண்டுக்கு உரியது என்ற விவரம்கூட இல்லாமல். அரசு தரப்பிலிருந்தும் கேட்டது கிடைக்காது, இருப்பதற்குள் சமாளியுங்கள் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். வாடகை, மின்கட்டணம், நாளிதழ் பில், தினக்கூலிப் பணியாளர் சம்பளம் இதெல்லாம் காத்திருக்குமா?

நாளிதழ், பருவ இதழ்களைப் பாதியாக நிறுத்தலாமா, கிளை நூலகங்களில் மாலை நேரத்தைக் குறைக்கலாமா, ஆள் அதிகம் வராத ஊர்ப்புற நூலகங்களைப் பகுதி நேரம் ஆக்கிவிடலாமா என்று பேச்சு ஓடுகிறது. எனக்கு மூன்றுமே பிடிக்கவில்லை, ஆனால் வேண்டாம் என்று மட்டும் எழுதிவைக்க முடியாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய நூலகர்:

முதலில் நாளிதழில் கை வைக்காதீர்கள் தம்பி. அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது சின்னச் செலவு, நிறுத்தினாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் காலையில் பேப்பர் பார்க்க வருகிறவர்தான் வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்து. அவர் வருவதை நிறுத்தினால் பேரனைக் கூட்டிக்கொண்டு வருவதும் நின்றுபோகும், அடுத்த ஆண்டு அதே பதிவேட்டைக் காட்டி "இங்கே ஆளே வருவதில்லை" என்று பகுதி நேரம் ஆக்குவார்கள், அதற்கு அடுத்த ஆண்டு நூலகரைப் பக்கத்து ஊருக்குக் கூடுதல் பொறுப்பாக அனுப்புவார்கள். இப்படித்தான் நூலகம் சாகிறது. ஆணை போட்டு மூடிய நூலகம் குறைவு.

பகுதி நேரம் ஆக்கிய நூலகத்தைத் திரும்ப முழு நேரம் ஆக்குவது மிகவும் கடினம். அதைக் கடைசி வரைக்கும் தள்ளிப்போடுங்கள்.

குறைக்கத்தான் வேண்டுமென்றால் வாடகையைப் பாருங்கள். 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினார்களே, அப்போது தமிழ்நாட்டில் 12,618 ஊராட்சிகள். அந்தக் கட்டடங்கள் நூலகத் துறையின் கீழ் வரவில்லை, ஊராட்சியின் பொறுப்பில் இருந்தன. பல இடங்களில் பூட்டிக் கிடந்தன, சில ஊரில் பழைய சாமான் போட்டு வைத்திருந்தார்கள். உங்கள் நூலகம் வாடகையில் இருக்கிற ஊர்களில் அந்தக் கட்டடத்தின் நிலை என்ன என்று ஒரு பட்டியல் எடுங்கள். தீர்மானம் போட்டுக் கொடுக்கத் தயாராக இருக்கிற ஊராட்சித் தலைவர்கள் இருக்கிறார்கள், நாம் போய்க் கேட்பதில்லை.

புரவலர் சேருங்கள் என்று மேலே இருந்து சொல்வார்கள். ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சேருகிற அந்த மனிதர்களுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் நன்கொடையை நம்பி மின்கட்டணம் கட்ட முடியாது. ஆண்டுதோறும் யாரிடமும் போய் நிற்காமல் நூலகத்துக்கென்று தனி வருமானம் வேண்டும் என்பதால்தானே 1948 சென்னைப் பொது நூலகச் சட்டத்திலேயே இந்த வரியை வைத்தார்கள், நூலக அறிவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் அவ்வளவு போராடினார். வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் நூலகத்துக்கான பங்கை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பணம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எந்த நூலகத்தின் நேரத்தையும் குறைக்கச் சம்மதிக்காதீர்கள்.

வருவாய்ப்பிரிவு:

எங்கே நிற்கிறது என்று நான் சொல்கிறேன், நகராட்சி வருவாய்ப் பிரிவில் இருந்தவன். சொத்து வரியும் நூலக வரியும் ஒரே ரசீதில் வசூலாகும். தூய்மைப் பணியாளர் சம்பளம், தெருவிளக்கு மின்கட்டணம், குடிநீர்க் கட்டணம் மூன்றும் கழுத்தைப் பிடிக்கும்போது ஆணையர் இருக்கிற பணத்தை எடுத்து அங்கே கொடுத்துவிடுவார். சம்பளம் நின்றால் ஊர் நாறும், நூலகத்துக்குக் கொடுக்காவிட்டால் ஒரு நினைவூட்டுக் கடிதம் வரும், அவ்வளவுதான். இது சரி என்று சொல்லவில்லை. இன்னொரு சட்டத்தின்படி இன்னொரு அமைப்புக்காக வசூலித்த பணம் அது, நகராட்சியின் சொந்த வருமானமே கிடையாது.

மொத்த நிலுவையையும் போட்டுக் கடிதம் எழுதினால் யாரும் பிரிக்கக்கூட மாட்டார்கள், கொடுக்க முடியாத தொகை என்று தெரிந்ததும் கோப்பு அடியில் போய்விடும். அதற்குப் பதிலாக அரையாண்டுவாரியாகக் கேட்பு (வர வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பட்டியலை வாங்குங்கள். நடப்பு வசூலில் உங்கள் பங்கை மாதாமாதம் அனுப்பச் சொல்லுங்கள், பழைய பாக்கிக்குத் தவணை கேளுங்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் இது குறித்துத் தடை, அதாவது ஆட்சேபணை, எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், எழுதியிருந்தால் அந்தப் பத்தி எண்ணைக் கடிதத்தில் போடுங்கள். ஆட்சியர் நடத்துகிற ஆய்வுக் கூட்டத்தில் எந்த உள்ளாட்சி எவ்வளவு வசூலித்து எவ்வளவு அனுப்பியது என்று ஒரே தாளில் வைத்தால் அன்றைக்கே சிலர் காசோலை அனுப்புவார்கள். கடிதம் எழுதிவிட்டு உட்காராமல் நேரில் போங்கள், மார்ச் வரை காத்திருக்க வேண்டாம், மார்ச்சில் எல்லோரும் வாசலில் நிற்பார்கள்.

நார்தாம்ப்டன்வாசி:

இங்கிலாந்தில் நான் இருக்கிற நார்தாம்ப்டன்ஷயரில் 2018 பிப்ரவரியில் கவுண்டி கவுன்சில் (மாவட்ட அளவிலான உள்ளாட்சி) பணமில்லை என்று கைவிரித்தது. 36 நூலகங்களில் 21ஐ மூடுவதாகத் திட்டம். மக்கள் உயர் நீதிமன்றம் போனார்கள், அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த முடிவு சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இங்கே 1964 சட்டப்படி முழுமையான நூலகச் சேவை கொடுப்பது கவுன்சிலின் கடமை, பணக் கணக்கை மட்டும் பார்த்து அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வழக்கில் ஜெயித்ததோடு முடியவில்லை, பிறகு பல நூலகங்களை உள்ளூர்த் தன்னார்வலர்கள் கையில் கொடுத்தார்கள். அவர்கள் மனதார உழைக்கிறார்கள், இருந்தாலும் சம்பளம் வாங்கும் பயிற்சி பெற்ற நூலகருக்கு அது ஈடாகாது என்பது என் கருத்து.

அப்புறம் பர்மிங்காம். 2013ல் கிட்டத்தட்ட 19 கோடி பவுண்டில் பிரம்மாண்டமான நூலகம் திறந்தார்கள், 2015லேயே வாரத்துக்கு 73 மணி நேரமாக இருந்ததை 40 ஆக்கினார்கள். கட்டடத்துக்குக் கிடைக்கிற பணம் அதைத் திறந்து வைக்கக் கிடைப்பதில்லை, எந்த நாடானாலும்.

மாலைவாசகி:

மாலை நேரத்தைக் குறைக்கலாம் என்று பேசுகிறவர்கள் ஒரு நாள் ஆறு மணிக்கு எங்கள் கிளை நூலகத்துக்கு வந்து பார்க்க வேண்டும். கடை வேலை முடித்துவிட்டுக் குரூப் 4க்குப் படிக்கிற பெண்கள் நாங்கள். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமும் இல்லை, விடவும் மாட்டார்கள். "நூலகத்துக்குப் போகிறேன்" என்றால் மட்டும் அனுப்புவார்கள். நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் மதியத்தில் குறையுங்கள், மாலையைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. ஒரு அரசு அலுவலகம் இன்னொரு அரசு அலுவலகத்தோடு சண்டை போட முடியாது என்பது புரிகிறது, நாங்கள் போடலாம் இல்லையா? பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் எங்கள் நகராட்சி நூலக வரி எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு செலுத்தியது என்று வாசகர் வட்டத்தில் இருக்கிற ஒருவர் தன் பெயரில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒவ்வொரு ஊர் வாசகர் வட்டத்துக்கும் சொல்லுங்கள்.

கிளைநூலகம்_தெற்கு:

எல்லோருக்கும் நன்றி. மாலை நேரத்தையும் நாளிதழையும் தொடாமல், வாடகைக் கட்டடப் பட்டியலோடு ஒரு திட்டம் எழுதுகிறேன். மேலே ஏற்பார்களா தெரியாது, என் குறிப்பு கோப்பில் இருக்கும். வருவாய்ப்பிரிவு சார், அந்த ஒரே தாளில் என்னென்ன கலம் வைக்க வேண்டும்?

வருவாய்ப்பிரிவு:

உள்ளாட்சியின் பெயர், அரையாண்டு, சொத்து வரி வசூல், அதற்குரிய நூலக வரி, செலுத்திய தொகை, செலுத்திய தேதி, பாக்கி. முந்தைய ஆண்டுகளின் நிலுவையை அடியில் தனி வரிசையாகப் போடுங்கள், நடப்போடு கலக்காதீர்கள். வசூல் எண்ணை நகராட்சி கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கூட்டத்தில் "அந்தக் கணக்கு எங்களுடையது இல்லை" என்று சொல்லிவிடுவார்கள்.