மெய்நிகர் கணினியில் கெர்னலைச் சோதிக்கும்போது முனையம் ஒழுங்காக இயங்கவில்லை

கேள்வி

வணக்கம். நான் தொகுக்கும் லினக்ஸ் கெர்னலை (இயக்குதளத்தின் மையப் பகுதி), வட்டுப் பிம்பம் எதுவும் இல்லாமல், பிஸிபாக்ஸ் (சிறு கட்டளைகளின் தொகுப்பு), பாஷ் (கட்டளைகளை ஏற்கும் ஷெல்), விம் (உரைத் தொகுப்பான்) ஆகியவை மட்டும் அடங்கிய ஒரு சிறிய இனிட்ராம்எஃப்எஸ்ஸுடன் (துவக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் கோப்பு முறைமை), மெய்நிகர் கணினி மென்பொருளான கியூஎமுவில் துவக்கிச் சோதிக்கிறேன். கெர்னல் சரியாகவே எழுகிறது. டிடிஒய்எஸ்0 தொடர் போர்ட்டில் செய்திகளும் வருகின்றன. ஆனால் முதல் செயல்முறையாக நான் அமைத்திருக்கும் பாஷ், முனையத்தின் செயல்முறைக் குழுவை அமைக்க இயலவில்லை என்றும் ஜாப் கன்ட்ரோல் (இயங்கும் நிரல்களை நிறுத்தவும் தொடரவும் உதவும் வசதி) இல்லை என்றும் எச்சரித்துக்கொண்டே தொடங்குகிறது.

தொடர் போர்ட்டை எஸ்டிடிஐஓ (கியூஎமுவை இயக்கும் முனையத்தின் உள்ளீடு, வெளியீடு) உடன் நேரடியாக இணைத்தால், கன்ட்ரோல்-சி அழுத்தியதும் கியூஎமுவே மூடிக்கொள்கிறது. வரைகலைச் சாளரம் இல்லாத நோகிராஃபிக் தேர்வுடன் துவக்கினால், அதே விசைக்கு எந்த விளைவும் இல்லை. சிக்கிக்கொண்ட சோதனை நிரலை நிறுத்த வழியில்லாமல் போகிறது. சாளரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விம் 80 நெடுவரிசை, 24 வரிகளுக்குள்ளேயே திரையை வரைகிறது. வெளியே வந்த பிறகு, ஹோஸ்ட் (கியூஎமு இயங்கும் கணினி) முனையத்தில் நீண்ட வரிகள் அடுத்த வரிக்கு மடங்காமல் வலது ஓரத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்படுகின்றன. இவை அனைத்துக்கும் காரணம் ஒன்றுதானா?

மறுமொழி 1

காரணம் ஒன்றல்ல. நீங்கள் அழுத்தும் விசை ஹோஸ்ட் முனையம், கியூஎமு, உள்ளே இருக்கும் கெர்னலின் டிடிஒய் (முனையங்களைக் கையாளும்) அடுக்கு ஆகிய மூன்றையும் கடந்துதான் நிரலை அடைகிறது. கன்ட்ரோல்-சி உங்களுக்கு இரு வேறு இடங்களில் தடைபடுகிறது. எஸ்டிடிஐஓ உடன் நேரடியாக இணைக்கும்போது சிக்னல் தேர்வு இயல்பாகவே இயக்கத்தில் இருப்பதால், ஹோஸ்ட் கெர்னல் அந்த விசையை, நிரலை நிறுத்தச் சொல்லும் சிக்இன்ட் சிக்னலாக மாற்றிக் கியூஎமுவுக்கே அனுப்பிவிடுகிறது. நோகிராஃபிக் முறையில் விசை உள்ளே செல்கிறது. ஆனால் அங்கே அதைப் பெற்றுக்கொள்ளும் முன்னணிக் குழு (முனையத்தில் அப்போது இயங்கும் செயல்முறைகள்) என்று எதுவும் இல்லை.

இதற்கு வேர், கெர்னல் முதல் செயல்முறைக்குத் திறந்து கொடுக்கும் கன்சோல் சாதனக் கோப்பு. லினக்ஸில் அந்தக் கோப்பு எந்த அமர்வுக்கும் (ஒரே முனையத்தைப் பகிரும் செயல்முறைகளின் தொகுதி) கட்டுப்படுத்தும் முனையமாக ஆக முடியாது. டிடிஒய்யைத் திறக்கும் கெர்னல் நிரலே அதை விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே உண்மையான சாதனமான டிடிஒய்எஸ்0-ஐத் திறந்து, புதிய அமர்வு ஒன்றில் ஷெல்லைத் தொடங்க வேண்டும். பிஸிபாக்ஸில் செட்சிட் கட்டளையையும் அதன் பின்னே சிடிடிஒய்ஹேக் கட்டளையையும் சேர்த்து ஷெல்லை இயக்கினால் போதும். கன்சோலுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான டிடிஒய்யை அதுவே கண்டறிந்து இணைத்துவிடும்.

பாஷை முதல் செயல்முறையாகவே வைத்திருப்பதையும் கைவிடுமாறு வேண்டுகிறேன். அந்தச் செயல்முறை தனக்கென்று கையாளும் முறையை வகுத்துக்கொள்ளாத சிக்னல்களைக் கெர்னல் அதனிடம் சேர்ப்பதில்லை. அது முடிந்துவிட்டாலோ கெர்னல் பேனிக் ஆகி, மீள முடியாமல் நின்றுவிடும், அப்போது உங்கள் சோதனையில்தான் கோளாறு என்று வீணாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள். தேவையான கோப்பு முறைமைகளை ஏற்றி, ஷெல்லைச் சேய்ச் செயல்முறையாகத் தொடங்கி, அது முடிந்ததும் கணினியை அணைக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் இனிட் (முதல் செயல்முறை) ஆக இருக்கட்டும்.

மறுமொழி 2

திரை அளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தொடர் போர்ட் என்பது பைட்டுகளைக் கடத்தும் கம்பி மட்டுமே. சாளரத்தின் அளவைச் சொல்ல அதில் இடமே இல்லை. நீங்கள் சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது எழும் சிக்வின்ச் சிக்னல் கியூஎமுவோடு நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் நிரல் அளவைக் கேட்டால் கெர்னல் பூஜ்யம் என்று பதிலளிக்கிறது. அதன்பின் நிரல் தன் வழக்கமான 80, 24 என்ற அளவை எடுத்துக்கொள்கிறது. உங்கள் விம் செய்வதும் இதைத்தான்.

சாளரத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் உள்ளே ரீசைஸ் கட்டளையை இயக்கலாம். அது கர்சரைத் திரையின் கடைசி மூலைக்குத் தள்ளி, அது எங்கே போய் நின்றது என்று முனையத்தையே கேட்டு, கிடைத்த விடையை டிடிஒய்யில் பதிகிறது. துவக்கத்திலேயே அளவு சரியாக அமைய வேண்டுமானால், கெர்னல் கட்டளை வரியில் நீங்களே ஒரு பெயரும் மதிப்பும் சேர்த்து அனுப்பலாம்: கெர்னலுக்குத் தெரியாத, புள்ளி இல்லாத பெயர்கள் இனிட்டின் சூழல் மாறிகளாக வந்து சேரும், ஸ்கிரிப்ட் அவற்றை எடுத்து, முனைய அமைப்புகளை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளைக்குக் கொடுக்கலாம். முனையத்தின் வகையைச் சொல்லும் டெர்ம் மாறியையும் இவ்வழியே அனுப்புங்கள், ஏனெனில் கெர்னல் இயல்பாக வைக்கும் மதிப்பு லினக்ஸ் என்பது. உங்கள் சாளரமோ பெரும்பாலும் எக்ஸ்டெர்ம் வகையைச் சேர்ந்தது. அதற்குரிய டெர்மின்ஃபோ (முனையத்தின் திறன்களை விவரிக்கும்) கோப்பும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருக்க வேண்டும்.

அளவு மாற்றம் தானாகவே உள்ளே போக வேண்டுமானால் வலையமைப்பு மூலம் இணையும் எஸ்எஸ்எச் வழியே நுழைவதுதான் எளிது, அந்த நெறிமுறையில் அதற்கென்றே ஒரு செய்தி உண்டு. ஆனால் வலையமைப்பு எழுவதற்கு முன்பே கெர்னல் விழுந்தால் தொடர் போர்ட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சிடிடிஒய்ஹேக் மூலம் ஷெல்லைத் தொடங்கிய பின் எச்சரிக்கை மறைந்தது. நோகிராஃபிக் முறையில் கன்ட்ரோல்-சி சோதனை நிரலை மட்டும் நிறுத்துகிறது. ரீசைஸும் வேலை செய்கிறது. வெளியே வந்த பின் வரி மடங்காதது மட்டும் தொடர்கிறது. மேலும், நான் தட்டச்சு செய்யும்போது கெர்னல் செய்திகள் குறுக்கே வந்து விழுகின்றன.

மறுமொழி 3

வரி மடங்காததற்குக் காரணம் உங்கள் கெர்னல் அன்று. நோகிராஃபிக் முறையில் சீபயாஸ் (கெர்னலுக்கு முன் கியூஎமுவில் இயங்கும் பயாஸ்) தன் திரையைத் தொடர் போர்ட்டுக்கு அனுப்பும்போது, வரி மடங்குவதை நிறுத்தும் எஸ்கேப் தொடர் ஒன்றையும் அனுப்புகிறது. அதை யாரும் திரும்ப இயக்குவதில்லை. டிபுட் கட்டளையுடன், வரி மடங்குவதை இயக்கும் எஸ்எம்ஏஎம் என்ற திறனைக் கொடுத்தால் சரியாகிவிடும். கியூஎமுவை அழைக்கும் உங்கள் ஸ்கிரிப்டின் கடைசி வரியாக அதைச் சேர்த்துவிடுங்கள். கியூஎமு இடையில் கொல்லப்பட்டு, நீங்கள் தட்டும் எழுத்துகள் திரையில் தெரியாமல் போனால், அது வேறு கோளாறு. எஸ்டிடிஒய் சேன் என்று பார்க்காமலே தட்டி என்டர் அழுத்துங்கள்.

குறுக்கிடும் செய்திகளுக்கு, பதிவையும் ஷெல்லையும் வெவ்வேறு வழிகளில் பிரிப்பதே சரியான தீர்வு. கன்சோலாக டிடிஒய்எஸ்0 இருக்கட்டும். கியூஎமுவில் அதை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். விர்ட்டியோ கன்சோல் சாதனம் ஒன்றைச் சேர்த்து, ஷெல்லை அதன் முனையமான எச்விசி0-இல் இயக்குங்கள். இதற்குக் கெர்னலில் விர்ட்டியோ கன்சோல் ஆதரவு தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போது சிடிடிஒய்ஹேக் உதவாது, அது டிடிஒய்எஸ்0-ஐயே தேடிப் பிடிக்கும். எச்விசி0-ஐ நீங்களே திறந்து, செட்சிட் கட்டளையை அதன் சி தேர்வுடன் பயன்படுத்துங்கள். எந்தச் செய்திகள் திரைக்கு வரும் என்பதை முடிவு செய்யும் லாக்லெவலைக் குறைத்தாலும் திரை அமைதியாகும், ஆனால் கெர்னலைச் சோதிக்கும் ஒருவர் அந்தச் செய்திகளை அடக்கி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.